தப்பாகக் கத்திய ஒரு சொல்

கால் பேசுகிற அளவுக்கு வாய் பேசாதவன் அவன். பந்து கிடைத்தால் போதும், இரண்டு பேருக்கு நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி அனுப்பிவிடுவான். அதை நம்பித்தான் கடல் தாண்டிய ஒரு வெளிநாட்டுக் கால்பந்து கிளப் அவனை எடுத்தது. ஆனால் வந்து இறங்கியதிலிருந்து பெஞ்சில்தான் இடம்.

"நடுவுல ஆடுறவன்தான் டீமுக்கு வாய். பின்னால ஆள் வருதா, பந்தை விடலாமா, எல்லாத்தையும் நீதான் கத்தணும். நீ வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு நிக்கிற!" என்பார் கோச். அந்த ஊர் மொழி அவனுக்குப் பாதிதான் புரியும். கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு 'ஊமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தன்னைத்தான் என்று தெரியவே அவனுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"ஏழெட்டு வார்த்தைதானேடா, கத்தத் தெரியாதா? வீட்டுல என்கிட்ட எப்படிக் கத்துவ!" என்றாள் அக்கா போனில்.

"உன்கிட்ட தப்பாக் கத்தினா கோல் விழாதுக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் ஆபத்து. ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, நடுவில் ஆடிய மூத்தவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோச் பெஞ்சைப் பார்த்தார். வேறு ஆள் இல்லை.

"ஊமை, போ!"

உள்ளே போனவன் கத்த வேண்டிய சொற்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் எதிரணி பந்தை உயரத் தூக்கி அடித்தது. தடுப்பில் நின்ற மலை மாதிரி ஆள், தலையால் முட்டத் தயாராக நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் பதுங்கி வந்ததை இவன் மட்டும் பார்த்தான். 'பின்னால ஆளு' என்று கத்த வேண்டும். பதற்றத்தில் வாயில் வந்தது வேறு.

"விடு!"

கோல்கீப்பர் வருகிறார் என்று நம்பி மலை குனிந்தார். பந்து அவரைத் தாண்டி நேராக எதிரணிக்காரன் காலில் விழுந்தது. கோல்.

மலை திரும்பினார். "யாரு கத்துனது?"

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான்."

மலை அவனை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "இனிமே வாயை மூடிடாத. கத்து. ஆனா சரியாக் கத்து."

மிச்ச நேரமெல்லாம் சரியான சொல்லை மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டே ஓடினான். கடைசி நிமிடங்களில் எதிரணிக்கு ஒரு கார்னர். மலைக்குப் பின்னால், கோல் கம்பத்தின் ஓரம் எதிரணிக்காரன் ஒருவன் தனியாக நழுவினான். மறுபடி தப்பாகிவிட்டால்? தொண்டை கிழியக் கத்தினான்.

"பின்னால ஆளு!"

மலை திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் நம்பி, பின்பக்கமாக எம்பிப் பந்தை முட்டி வெளியே தள்ளினார். ஆட்டம் சமனில் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதான். வெளியே வந்தபோது கோச் நின்றிருந்தார்.

"நாளையிலேருந்து காலையில மொழி கிளாஸ். அப்புறம்தான் பயிற்சி."

"அப்போ... என்னை அனுப்பலையா?"

"அனுப்புறதா இருந்தா கிளாஸ் எதுக்குடா?"

அடுத்த ஆட்டத்திலும் பெஞ்சுதான். அதற்கடுத்ததில் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். அவனை இறக்கச் சொல்லிக் கோச்சிடம் கேட்டவர் மலைதான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.