விடு, வீடு

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததும் தங்கை வெந்நீர் டம்ளரைக் குடிக்க எடுப்பதில்லை. கழுத்தில் வைத்து உருட்டுவாள். காலையிலிருந்து ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்ற தொண்டை இளக வேண்டும். அதுவரை பேச்சு கிடையாது. வேண்டியதை விரலால் காட்டுவாள்: கதவு, விளக்கு, சோறு. தொண்டை இளகியபின் முதலில் வருவது ஒரு கெட்ட வார்த்தை. அது கிடங்கு மேற்பார்வையாளருக்கு.

அந்தத் தொண்டை ஜெயித்ததையெல்லாம் அக்கா விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். பள்ளியில் பாட்டு டீச்சர், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்று பின்வரிசைக்கு அனுப்பினார். அந்தத் தொண்டையை வைத்தே பாடகி ஆனாள். பிள்ளைகள் கேலியாக வைத்த 'ரம்பம்' என்ற பெயரைத் தானே சட்டை முதுகில் எழுதிக்கொண்டாள். இரண்டு தந்தி அறுந்த கிட்டாரில் மிச்சமிருந்த நான்கைக் கொண்டு, சொல்லித்தர ஆளில்லாமல், வாசிக்கக் கற்றாள். "பொம்பளப் புள்ள கத்துறதைக் கேக்க எவன் வருவான்?" என்ற வீட்டுச் சொந்தக்காரர், இப்போது அவள் பாடிப் பழகும் நேரத்தில் சன்னலைத் திறந்து வைக்கிறார். கேட்டால், "காத்துக்காகம்மா" என்பார்.

மூன்று பேர் கொண்ட குழு அது. பெயர் 'ஈரச்சுவர்'. பழகும் அறையின் சுவர் மழை இல்லாத நாளிலும் கசியும். சாய்ந்தால் லேசாக ஷாக் அடிக்கும். இரண்டாவது கிட்டார்க்காரன் எலெக்ட்ரீசியன். அந்தச் சுவரை இன்னும் அவனால் சரிசெய்ய முடியாததால் அவன் 'கரண்ட்'. டிரம்ஸ் அடிப்பவன் பைக் மெக்கானிக். அவனைவிடச் சத்தமான பிறவி அந்த வட்டாரத்தில் இல்லை. ஆகவே அவன் 'சைலன்சர்'.

வாசிப்பது பங்க் ராக் வகை. வேகம், கத்தல், சட்டென்று முடிவு. எல்லாம் சொந்தப் பாட்டு. யாராவது சினிமாப் பாட்டு கேட்டால் தங்கை மைக்கிலேயே பதில் சொல்வாள்: "அது டீக்கடைல ஓடுது, அங்க போங்க. டீயாவது கிடைக்கும்." பழைய மேசை நாற்காலி விற்கும் கடையின் பின்கூடம்தான் மேடை. முதல் கச்சேரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நாற்காலி வாங்க வந்தவர்கள்.

கூட்டம் சேர்ந்தது ஒரே ஒரு பாட்டால். அந்தப் பாட்டு பிறந்தது ஆஸ்பத்திரியில்.

2022ஆம் ஆண்டு மார்ச் பத்தொன்பது. அம்மாவுக்கு மூச்சு விடுவதே பெரும் வேலையாகிப்போன நாள். கண் திறக்கவில்லை, ஆனால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்த பிடி தளரவில்லை. அக்கா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். தங்கை குனிந்து காதருகே சொன்னாள்: "விடும்மா. பட்டது போதும். விடு." சாயங்காலம் பிடி விட்டது.

உடலைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்துக் கேட்டார்கள். அதுவரை தங்கைக்கு வேண்டிய கையெழுத்தையெல்லாம் அக்காதான் போட்டு வந்தாள். கிடங்கில் வருகைப் பதிவுக்கு மெஷினில் விரலை வைத்தால் போதும். அன்று அக்கா பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள். தங்கை வாங்கி, பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். வாழ்க்கையில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

பாட்டில் 'விடு' என்பதைத் தவிர வேறு சொல் அதிகம் இல்லை. சிக்கல் அங்கேதான். குறில் கத்தலில் நிற்காது. அடிவயிற்றிலிருந்து இழுத்தால் 'விடு', 'வீடு' ஆகிவிடும். கடைக்குப் பின்னால் இருந்த தெருக்களை இடிக்கப்போகிறார்கள் என்று கதவுக்குக் கதவு சிவப்புக் குறி போட்டிருந்த சமயம் அது. குடியிருந்தவர்கள் காதில் 'வீடு' என்றுதான் விழுந்தது. அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்: "வீடு! வீடு!" அடுத்த மாதம் கூட்டம் கூடத்தில் அடங்காமல் தெருவில் நின்றது.

அவர்கள் கத்தும்போது தங்கை மைக்கை விட்டுத் திரும்பி, தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொள்வாள். அது ஏதோ ஸ்டைல் என்று முன்வரிசைப் பையன்களும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. அவள் துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டுபவள். தைத்து வரும் சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"ஒரு வார்த்தை மைக்ல சொல்லேன்டி. விடு, குறில்னு."

"இலக்கண கிளாஸ் எடுக்கச் சொல்றியா? நம்ம கரண்ட்டுக்கே 'ழ' வராது."

"விளையாடாத. அம்மா போன பாட்டு அது. ஊரே வேற எதையோ கத்துது."

தங்கை டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தாள். "சொல்றேன்க்கா. சீடி வர்ற அன்னிக்குச் சொல்றேன்."

தாங்களே பதிந்த சீடிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தன. உறைகள் வெள்ளையாக இருந்தன. பாட்டின் பெயரைக் கையால் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. என்ன பெயர் என்பதைத் தங்கை சொல்லவில்லை. அன்றைய கச்சேரிக்கு அக்கா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். இன்றைக்குச் சரியாகிவிடும்.

கச்சேரி தொடங்கும்முன் பின் தெருவில் குடியிருந்த, வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடையருகே வந்தார். தோளில் ஒரு மூட்டை.

"காலைல பூட்டை உடைச்சு வேற பூட்டுப் போட்டுட்டாங்கம்மா. சாவி மட்டும் எங்கிட்ட இருக்கு. அந்த வீட்டுப் பாட்டைப் பாடும்மா."

தங்கை மைக்கைப் பிடித்தாள். "இந்தப் பாட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அக்காவைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். பிறகு சைலன்சருக்குத் தலையசைத்தாள்.

அந்த அம்மாள் சாவியை உயர்த்திப் பிடித்துக் கத்தினார். அவர் குரல் தங்கையின் குரலை விடக் கரகரப்பாக இருந்தது.

முடிந்ததும் தங்கை ஒரு நாற்காலியில் உறையை வைத்து மார்க்கரைத் திறந்தாள். 'வி' எழுதினாள். மார்க்கர் அங்கேயே நின்றது. அக்கா எட்டிப் பார்த்தாள். மேலே வளைந்த கோட்டின் நுனியில் தங்கை மெதுவாக ஒரு சுழி போட்டாள். 'வி', 'வீ' ஆனது. பிறகு 'டு'.

அக்கா மார்க்கரின் மூடியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஒரு கையெழுத்தும் போட்டுக் குடும்மா. தேதியோட" என்றார் அந்த அம்மாள்.

"ரம்பம்னு பெருசாப் போடு" என்றான் சைலன்சர்.

அவள் ரம்பம் என்று போடவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைப் போட்டாள்.

"இன்னிக்கு ஜூன் ரெண்டு" என்று கரண்ட் எடுத்துக் கொடுத்தான்.

தங்கை நிமிரவில்லை. இடது மணிக்கட்டை ஒரு தரம் பிடித்து விட்டாள். பெயருக்குக் கீழே எழுதினாள்: 19.3.2022.