நாற்பத்தாறாம் நம்பர் ஒயர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வெளியூர்களுக்கு ஓடப்போகும் புது மின்சார ரயில்களுக்கு ஒயர் கட்டுகள் செய்து தருவதுதான் எங்கள் வேலை. ஒரு கட்டில் நூறு ஒயருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே நம்பர் போட்ட மஞ்சள் வளையத்தை மாட்ட வேண்டும். பிறகு பஸ்ஸர் என்கிற சின்னச் சோதனைக் கருவியால் இரண்டு முனைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒயர் என்றால் 'கீ' என்று கத்தும். கத்தவில்லையென்றால் நம்பர் மாறிவிட்டது என்று அர்த்தம். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னொருவர் மறுபடி முழுக்கப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடுவார்.

அந்த இன்னொருவர் பழவேற்காட்டுக்கார அக்கா. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். பொன்னேரி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து என்னோடு யூனிட் வண்டி என்கிற புறநகர் மின்சார ரயிலில் வருவார். அப்பாவின் துணிக்கடையை மூடிய பிறகு, வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான். அந்த மாதம் அவரை லைன் லீடர் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது.

ஒரு நாள் மதியம் வீட்டிலிருந்து போன். இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறதாம். என் கையில் கடைசிக் கட்டு. வாசலில் லாரி காத்திருந்தது. அவசர அவசரமாக வளையங்களை மாட்டினேன். பஸ்ஸரைத் தொடவே இல்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

"கொயந்தைக்கு ஜொரம்க்கா. கட்ட செக் பண்ணிட்டேன். நீ கையெழுத்து போட்டாதான் என்னை வுடுவாங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான். ஓடு, மொதல்ல கொயந்தைய பாரு" என்று பேனாவை எடுத்தார்.

டாக்டர் ஊசி போட்டதும் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. சாயங்காலம் வேலைக்குப் போடும் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் வளையம் கீழே விழுந்தது. 46.

வளையங்களை எண்ணித்தான் தருவார்கள். மிச்சமாகவே கூடாது. 46 இங்கே இருக்கிறதென்றால், அந்த ஒயரில் நான் மாட்டியது எது? பக்கத்து டப்பாவில் உதிரியாக 64 வளையங்கள் கிடந்தது ஞாபகம் வந்தது. ரயிலில் டிரைவருக்கும் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கும் நடுவே மணி அடிக்கிற ஒயர்தான் 46.

ரயில் பெட்டி கட்டுகிற இடத்திலும் சோதிப்பார்கள்தானே என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். அங்கேயும் என்னைப் போல், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடுகிற ஒருத்தி இருந்துவிட்டால்?

சொன்னால் வேலை போகும். போகட்டும். ஆனால் என் கையெழுத்துக்குக் கீழே அக்காவின் கையெழுத்து இருந்தது.

மறுநாள் காலை வண்டியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸரைத் தொடாமலே தொட்டதாகப் பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவரைப்பேட்டை ஸ்டேஷன் வந்தது, போனது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கும்மிடிப்பூண்டியில் வண்டி நிற்கிற நேரத்தில், தன் துப்பட்டாவை என் கையில் கொடுத்தார்.

"மூஞ்ச தொடச்சிக்கோ. அழுதுக்கினே போனா பேச வராது. ரெண்டு பேருமா போய் சொல்லலாம்."

"உனக்கு லீடர் போஸ்ட்டு போயிடும்க்கா."

"போனா போவுது. பாக்காம போட்டது என் கைதானே? உன் கையா வந்து போட்டுச்சி?"

விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உடனே போன் போட்டு, பெட்டி கட்டுகிற இடத்துக்குக் கம்பெனி வேனில் அனுப்பினார். எங்கள் கட்டை அதற்குள் முதல் பெட்டியில் பொருத்திவிட்டார்கள். இன்னும் இருக்கைகள் பொருத்தாத பெட்டி, பெயின்ட் வாடை. டிரைவர் மேஜைக்கு அடியில் நான் குந்திக்கொண்டேன். பெட்டியின் அந்தக் கோடியில் அக்கா. நடுவே ஒரு நீள ஒயரைப் போட்டு பஸ்ஸரை இணைத்தோம். என் பக்கம் 46 என்ற நம்பரே இல்லை. இரண்டு 64 இருந்தன.

"நாப்பத்தாற புடிச்சிருக்கேன். ஒண்ணொண்ணா வெய்யி" என்று அக்கா கத்தினார்.

முதல் 64-ஐத் தொட்டேன். சத்தமில்லை. இரண்டாவதைத் தொட்டதும் பஸ்ஸர் கத்தியது. அதுதான் உண்மையில் 46. வளையத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சரியானதை மாட்டினேன். "மீதியெல்லாமும் பாத்துடுவோம்" என்றார் அக்கா. சாப்பிடாமல் கொள்ளாமல், கட்டிலிருந்த ஒவ்வொரு ஒயரையும் பார்த்து முடிக்க மதியம் மூன்று மணி ஆனது. வேறு தப்பு எதுவும் இல்லை. அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அங்கிருந்த இன்ஜினீயர், "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை தப்பியது. ஆனால் லைன் லீடர் பதவி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அக்கா மூன்று வருடம் கழித்து, வேறு கம்பெனிக்குப் போய்த்தான் லீடர் ஆனார். கடிதம் கையில் வந்த அன்று சாயங்காலம், வண்டியில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொயந்தைக்கு இப்ப எப்டிகீது?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு ஒரு நாளும் பேசவில்லை.

இன்றைக்கு வேறொரு கம்பெனியில் என் பொறுப்பில் பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். யாராவது தயங்கித் தயங்கி என் மேஜை முன்னால் வந்து நின்றால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே உட்காரச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அன்று காலை அக்கா கூட வராமல் நான் தனியாகப் போயிருந்தால், மேனேஜர் அறை வாசலைத் தாண்டியிருப்பேனா என்பது இன்றுவரை எனக்கே சந்தேகம்தான்.