விருந்தாளிக் கதிரை

திருகோணமலைக்குப் போகும் பஸ் கப்பல்துறையைத் தாண்டும்போது பெரியம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, எவடத்தில வாறாய்? சோடா வாங்கிக் குளிரப் போட்டிருக்கிறன். கதிரையும் துடைச்சு வைச்சாச்சு."

"ஓம் பெரியம்மா, ஓம்" என்று சொல்லி வைத்தேன். வைத்த கையோடு அந்த யோசனை வந்தது. முன்வாசலால் போகவே கூடாது!

ஏன் என்று சொல்வதானால் அந்தக் கதிரையிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் படகேறி இந்தியா போனவர், திருச்சியிலேயே தங்கிவிட்டார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, எனக்கு ஒன்பது வயதில், பள்ளி விடுமுறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு முதன்முறையாக ஊருக்குத் திரும்பினார். புறப்படுவதற்கு முன் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சல்லிக் கரையில் மீன் கீறி உப்புப் போட்டுக் காயவைப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லையாம். மழை வந்தால் மற்ற வளவுகளில் சனம் ஓடித் திரியுமுன் அம்மாவும் பெரியம்மாவும் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிலுக்குள் வைத்துவிடுவார்களாம். நான் அதையெல்லாம் நம்பி, வகுப்பிலும் பெருமையடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

பெரியம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அம்மாவை முன் அறையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினார். அதன்மேல் மடிப்புக் கலையாத புதுத் துவாய். கையில் ஒரு சோடாப் போத்தல். அந்தக் கரையில் வீட்டு மனிதர்கள் பின்பக்கத்தால் வந்து குசினிக்குள் நுழைந்து சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். முன் அறையும் துவாயும் சோடாவும் பாதிரியாருக்கும் ஊர் அதிகாரியான விதானையாருக்கும் உரியவை. இது எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று சோடா கிடைக்கிற ஊர் நல்ல ஊர் என்று மட்டும் தெரிந்தது.

அம்மா குசினி வாசலுக்குப் போய் நின்றார். "கத்தியைத் தா அக்கா, நான் கீறுறன்."

"உனக்கேன் இந்த நாத்தம்? சீலை பழுதாப் போகும். போய்க் காத்தாட இரு."

அம்மா விடியற்காலையில் எழுந்து விளக்குமாறை எடுத்தார். அதையும் பெரியம்மா பறித்துக்கொண்டார். "நல்லாயிருக்குதே, வந்த ஆளைக் கூட்டவிட்டுச் சனத்தின்ர வாயில விழவோ?" அம்மா திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார். பார்க்க வந்த அயலவர்கள், "அங்கை அரிசி என்ன விலை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா சோடாவில் ஒரு வாய் குடித்து வைப்பார், மீதி எனக்கு.

மூன்றாம் நாள் அம்மா சொன்னார், "நாங்கள் நாளைக்கே வெளிக்கிடுவம். இங்க எனக்கு ஒரு வேலையும் இல்லை." இரண்டு கிழமைக்கென்று வந்தவர்கள். என் சோடாக்கள் கண்முன்னால் வரிசையாக மறைந்தன.

அடுத்த நாள் மத்தியானம் பைகள் கட்டியாகிவிட்டன. ஓட்டோவுக்குச் சொல்லியிருந்தது. அம்மா நல்ல சீலையோடு கதிரையில் இருந்தார். திடீரென்று தரைப் பக்கமாக வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெளியே மணலில் பழைய வலைகளை விரித்து, அவற்றின்மேல் மீன் பரப்பியிருந்தது. வலையின் இரு முனையையும் இருவர் பிடித்து ஒன்றாகத் தூக்கினால்தான் மீன் நடுவில் சேரும். பெரியம்மாவின் பிள்ளைகள் எல்லோரும் தொழிலுக்குப் போயிருந்தார்கள். அவர் தனியாக ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். ஏலவில்லை. வளவின் நடுவில் நின்று வீட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"எடியே! கதிரைக்கு முட்டுக் குடுக்கவே வந்தனீ? ஓடி வாடி, மழை பிடிக்கப் போகுது!"

அம்மா பாய்ந்த பாய்ச்சலில் சோடாப் போத்தல் உருண்டது. நான் அதைக் காப்பாற்றிவிட்டு வாசலுக்கு வந்தபோது, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா மறுமுனையைப் பிடித்திருந்தார். முதல் வலை அழகாக எழும்பிப் போனது. இரண்டாவதில் அம்மா அவசரப்பட்டு இழுத்தார். பாதி மீன் மணலில் கொட்டுண்டது.

"நான் தூக்க முதல் ஏன்டி இழுக்கிறாய்? அந்த நாளிலையும் இதே பிழை! கடல் தாண்டிப் போயும் திருந்தேல்லையே நீ!"

மிஞ்ச ஆளில்லாத என் அம்மா! அவமானமும் கோபமும் ஒன்றாக வர, நான் மழைக்குள் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "எங்கம்மாவத் திட்டாதீங்க!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வழக்குப் பேச அப்புக்காத்தும் கூட்டிவந்தனியோடி?" என்றார் பெரியம்மா. பிறகு இருவரும் நனைந்தபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மழை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்.

பின்னேரம் பெரியம்மா மணல் ஒட்டிய மீனைச் சட்டியோடு அம்மாவின் முன் தள்ளினார். "நீ கொட்டினது, நீயே கழுவு." அம்மா குசினி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஈரத் தலையோடு, எல்லாவற்றையும் கழுவினார். ஓட்டோக்காரர் வெறுங்கையோடு திரும்பிப் போனார். அடுத்த நாளிலிருந்து சோடாவும் இல்லை. நான் திருச்சிக்குப் போன் எடுத்து அப்பாவிடம் முறையிட்டேன். அம்மாவைக் கதிரையிலிருந்து இறக்கிவிட்டார்கள், வேலை வாங்குகிறார்கள், சத்தம் போடுகிறார்கள். எனக்குப் பின்னால் அம்மா பாட்டாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை. அந்தத் திட்டோடுதான் அவர் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. இங்கேயே தங்கி ஒரு வேலை தேடலாம் என்றுதான் வந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் கணக்கில் நான் பத்து நாள் விருந்தாளி.

திருகோணமலை பஸ் நிலையத்தில் சல்லி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது, வளவில் மீன் காய்ந்துகொண்டிருக்கும். கடற்கரையால் சுற்றிப் போய்ப் பையைக் குசினி வாசலில் போட வேண்டும். சட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னேரம் வலையை எடுக்கும் நேரம் மறுமுனையை நான் பிடிப்பேன். பிடித்து, பெரியம்மா தூக்குமுன், நாலைந்து மீன் மட்டும் மணலில் விழுகிற மாதிரி, மெதுவாக இழுத்துப் பார்க்கப் போகிறேன்.