பாலத்தைத் தாண்டிய அம்மா

2007 டிசம்பர், பெருநாள் விடுமுறை. அமீரகத்தின் அல் ஐனிலிருந்து ஓமானின் புரைமிக்குப் போகும் எல்லைச் சாவடி. வெயில் உச்சிக்கு வந்தும் கார் வரிசை நகரவில்லை. வண்டி ஓட்டும் சாகுலுக்குப் புரைமியில் துணிக்கடை. "முன்னல்லாம் இங்க கேட்டே கெடையாதுண்ணே. டீ குடிக்க அந்தப் பக்கம் நடந்தே போவோம்" என்று புது வேலியைப் பார்த்து எரிச்சல்படுகிறார்.

பின்சீட்டில் எங்கள் சைட் இன்ஜினியர் மாரெக், போலந்தில் செஷின் என்ற சிற்றூர்க்காரர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஓல்சா ஆற்றை எல்லையாக்கி அந்த ஊரை இரண்டாக வெட்டிவிட்டார்களாம். கோட்டை போலந்துக்கு, ரயில் நிலையம் எதிர்க்கரையில் செக் நாட்டுக்கு. சொந்த ஊர் ரயிலைப் பிடிக்கவே பாலத்தில் காகிதம் காட்ட வேண்டும். நேற்று நள்ளிரவோடு அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள்.

அவர் ஃபோன் அடிக்கிறது. அம்மாதான். ஸ்பீக்கரில் மூச்சிரைப்பு, பின்னால் ரயில் அறிவிப்பு. "ஸ்டேஷன்ல நிக்கிறாங்க! பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில!" என்று மாரெக் ஆங்கிலத்தில் கத்துகிறார்.

சாகுல் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். என்ன ஏதென்று தெரியாமலே பின்னால் நிற்கும் வண்டிகளும் அடிக்கின்றன.

அங்கே என்ன கல்யாண ஊர்வலமா என்று அம்மா கேட்கிறாராம்.

"ஆமான்னு சொல்லுங்க சார்!" என்கிறார் சாகுல், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.