டொச்சுக்கும் டச்சுக்கும் நடுவில்

ஒரு கிழவி ரயிலில் அகப்பட்டு முழித்த கதையைக் கேட்பதில் உங்களுக்கு அப்படி என்ன ஆசையோ! வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

2014ஆம் ஆண்டு, வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஒல்லாந்தில் மகளோடு இருக்கும் நான், சுவிஸில் பீல் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குத் தனியாக ரயிலில் போனேன். மறுநாள் காலை பேத்திக்கு முதல் நன்மை, மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அவள் உடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டை என் பைக்குள். இரண்டு மாதம் குனிந்திருந்து நானே தைத்தது. அது போய்ச் சேராவிட்டால் பிள்ளை கோயிலுக்கு எதை உடுப்பாள்?

சுவிஸ் எல்லையில், பாசல் நகரத்துக்குக் கிட்ட, எல்லைக் காவலர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் நெட்டையர், சிரிக்காத முகம். மற்றது ஒரு இளம் பெண். நெட்டையர் என்னிடம் ஏதோ கேட்டார். கடைசிச் சொல் மட்டும் பிடிபட்டது: “டொய்ச்?”

எங்கள் சனம் ஜெர்மன் பாஷையை டொச் என்று சொல்லும். ஒல்லாந்தில் கதைப்பது டச்சு. என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தது. “யா, யா, டச்சு!” என்றேன் பெருமையாக.

அவ்வளவுதான். மனிதர் ஜெர்மனில் பொழிந்து தள்ளினார். நான் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் “யா”, அதாவது ஓம், என்று சொன்னேன். நான் நீட்டிய பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டி ஏதோ கேட்டார். அதற்கும் யா. பிறகுதான் எட்டிப் பார்த்தேன். படத்தில் என் மருமகன், கட்டை மீசையோடு! அவசரத்தில் மேசையில் கிடந்த அவருடைய பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இது நீங்கள்தானா என்று கேட்டதற்குத்தான் யா சொல்லியிருக்கிறேன்.

பாசலில் இறக்கி ஒரு அறையில் இருத்தினார்கள். பேத்தியின் சட்டை இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். மகளின் நம்பர் எழுதிய துண்டைக் கொடுத்ததும் நெட்டையர் போன் எடுத்தார். என்னிடம் தந்தபோது மருமகனின் குரல்தான் முதலில் வந்தது. “மாமி, என்னையும் கூட்டிக்கொண்டு போறியள் எண்டு சொல்லேல்லையே!”

“பகிடி விடாதேங்கோ தம்பி, கெதியா என்ர பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புங்கோ!”

படம் வரும்வரை அந்தப் பெண் பக்கத்தில் வந்து இருந்தாள். மெதுவாக, கையாலும் காட்டிக் கதைத்தாள். என் டச்சில் பாதி அவளுக்கு விளங்கியது. “உண்மையிலேயே ஒல்லாந்தோ?” என்று கேட்டாள். முதலில் சோதனைக்குத்தான் கேட்டிருப்பாள். ஆனால் அந்தக் கோடையில் அவள் அங்கே சைக்கிளில் போகப் போகிறாளாம். பிறகு கேள்வி நிற்கவே இல்லை.

அங்கே மலையே இல்லையா?

“ஒண்டு இருக்கு பிள்ளை. நீங்கள் பார்த்தால் ரோட்டில போட்ட மேடு எண்டு நினைப்பியள்.”

ஆட்கள் எப்படி?

“நல்ல சனம். பிறந்தநாளுக்குப் போனால் மூலையில இருக்கிற அவையின்ர மச்சானுக்கும் வாழ்த்துச் சொல்ல வேணும். பிறகு ஒரு பிஸ்கட் தருவினம். அடுத்ததுக்குக் கை நீட்ட முதல் டின்னை மூடிப்போடுவினம்.”

சாப்பாடு? விடிய எழும்பிப் பாணில் சொக்லேட் தூவித் தின்பதைச் சொன்னேன். பச்சை மீனை வாலில் பிடித்து, அண்ணாந்து வாய்க்குள் விடுவதை முகம் துடைக்கும் என் கைலேஞ்சியை மீன்போலத் தூக்கிச் செய்தே காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கதவடியில் நின்ற நெட்டையர் தொண்டையைச் செருமினார். சரி, என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் விரலால் முள்ளைப்போலக் காட்டி, மெதுவாகக் கேட்டது: “அந்த மீன், முள்ளோடயோ?”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. படமும் வந்தது. பாஸ்போர்ட்டை மாறி எடுக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லி, அவரே என் பையைத் தூக்கி வந்து பீல் ரயிலில் ஏற்றிவிட்டார். மறுநாள் சட்டை பேத்திக்கு அளவாக இருந்தது. நான்தான் கோயிலில் அழுதேன், நிம்மதியில்.

“விளங்கேல்லை” என்று சொல்ல வெட்கப்பட்டதால் வந்த வினை அது. இன்றைக்கும் யா சொல்ல வாய் உன்னினால், கை தானாக மேலுதட்டைத் தடவிப் பார்க்கும். ஒல்லாந்து திரும்பியதும் பக்கத்து வீட்டாருக்கு, ஒல்லாந்தைப் பற்றிப் படிப்பிக்கச் சொல்லிச் சுவிஸ்காரர் என்னை ரயிலால் இறக்கிக் கூட்டிப் போனதாகச் சொன்னேன். எங்கள் சனத்தில் புதிதாய் வந்த பெண்டுகளுக்கு மட்டும் ரகசியமாக இன்னொன்றும் சொன்னேன்: “விளங்காமல் யா சொல்லாதேங்கோ பிள்ளையள், மீசை முளைக்கும்.”