அக்காவுக்குக் கொடுத்த பூ மருந்து

என் அக்கா மரகதத்துக்கு மகள் என்றால் உயிர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆஸ்டின் டவுனில் அவளுக்கு எதிர்வீட்டில் குடியிருந்து பார்த்தால் தெரியும், என்ன பாடு என்று.

மகள் சங்கமித்ரா ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும், சாப்பிட்டதும் பண்ண வேண்டும், கிளம்பும்போதும் பண்ண வேண்டும். பஸ் சிக்னலில் நின்றுவிட்டால் அக்கா என்னைப் பிடித்துக் கத்துவாள், நான்தான் சிவப்பு விளக்கைப் போட்டவள் மாதிரி. தங்கவயல் சுரங்கத்தில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவளுக்கு மகள் ஒருத்திதான். பாவம்தான். ஆனால் பாவம் பார்த்துப் பார்த்தே அந்தப் பெண்ணுக்கு வந்த நல்ல வேலையெல்லாம் கைநழுவிப் போனது. வெளியூர் என்றாலே அக்காவுக்கு மார் வலிக்கும். வேலை வேண்டாமென்று மகள் சொல்லிவிட்டால் வலி நின்றுவிடும்.

இந்த முறை புனேயில் வேலை. போகத்தான் போகிறேன் என்றாள் சங்கமித்ரா. கூடவே, "அம்மா வாயால போயிட்டு வான்னு சொல்லாம நான் படி தாண்ட மாட்டேன் சித்தி" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது ஒன்றைச் சொல்லத்தானே அக்காவுக்கு வாய் வராது!

தொம்மலூரில் பூ மருந்து கொடுக்கும் ஸ்வர்ணா மேடத்திடம் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். பூவைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற சொட்டு மருந்தாம். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாலு வார்த்தை பேசினாலாவது மனசு ஆறட்டுமே என்றுதான். அக்கா ஒரு பாட்டம் அழுது முடித்தாள். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார்.

"பிரியத்துல இறுக்கிப் புடிச்சுக்கறவங்களுக்கு இது. விட்டுக்கொடுக்க மனசு வரும்."

ஒரு வாரம் கழித்துக் காலையில் அக்கா வீட்டு அடுப்படிக்குள் போனால், மகளின் காபியில் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா பண்றே?"

"மருந்துடி. அவ புனேயை விட்டுக்கொடுக்கட்டும்."

"ஐயோ, அது உனக்குக் குடுத்தது!"

"எனக்கு இன்னாடி கொறச்சல்? புடிவாதம் புடிக்கிறது அவதானே?"

பேஜாராகிப் போய் நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். சத்தம் கேட்டு வந்த சங்கமித்ரா, டம்ளரை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள்.

"எனக்குத் தெரியும் சித்தி, பார்த்துட்டுத்தான் குடிக்கிறேன்" என்றாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள். "நீ மட்டும் இறுக்கிப் புடிக்கலம்மா. உன்னை விட்டுட்டு இருக்க எனக்கும் பயம். உன் மார்வலியைச் சாக்கா வெச்சு நானும் தப்பிச்சுக்கிட்டேன். இந்தத் தடவையும் நின்னுட்டேன்னா, காலம்பூரா உன்மேல கோவமாவே இருப்பேன். எனக்கு அது வேணாம்."

அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

கிளம்பும் நாள் வந்தது. வாசலில் ஆட்டோ. படிக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு நின்றாள் பெண். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"என்னை நெனச்சுக்கிட்டு அடிக்கடி ஓடி வராதே. அங்கேயே நல்லா இரு."

சங்கமித்ரா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு படி தாண்டினாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பொம்பளை இவள்! போயிட்டு வா என்று சொல்ல வேண்டிய இடத்தில் யாராவது வராதே என்பார்களா? ஓடிப்போய் சங்கமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதெல்லாம் இல்ல, தீபாவளிக்கு வந்துடணும். பொங்கலுக்கும் வந்துடணும். கேக்குதா?"

அக்காதான் வந்து என் விரல்களைப் பிரித்தாள்.

"விடுடி. ஆட்டோ நிக்குது."