புருஷனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட கேள்வி

சரோஜா போய்விட்டாள் என்று அடையாறிலிருந்து அவள் மகள் போன் செய்தபோது அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். உங்களுக்கெல்லாம் அவள் டாக்டர் அம்மா. எனக்கு, எழுபதுகளில் மயிலாப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஜன்னலோரம் குளத்துக் காற்றில் டப்பாவைத் திறந்து பங்கிட்டுச் சாப்பிட்ட சரோஜா. அவள் மனநலப் பிரிவில், நான் லேபில். அந்த மத்தியானங்களுக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

மனச்சோர்வுக்கு அப்போது ட்ரைசைக்ளிக் மாத்திரைகள்தான் கொடுப்பார்கள். அதைச் சாப்பிடும் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொருத்தியிடமும் "அரிப்பு இருக்கா?" என்று கேட்டு நோட்டில் எழுதினாள். "இருக்கு" என்றால் ஸ்லைடு என் மைக்ராஸ்கோப்புக்கு வரும். ஒரு மாதம் ஒன்றுகூட வரவில்லை.

"ஒருத்திக்கும் இல்லைடி. என் சந்தேகம்தான் தப்பு" என்றாள் சாப்பிட்டுக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா கேட்ட போ! புருஷன் பக்கத்துல நிக்கிறப்ப எவ வாயத் தொறப்பா? நீ சொல்லுவியா?"

டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். மறுநாளிலிருந்து கணவன்மார் எல்லாரும் மருந்துச் சீட்டோடு க்யூவுக்கு விரட்டப்பட்டார்கள். ஸ்லைடுகள் வந்து குவிந்தன.

தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் மனைவி ஒருத்தி மட்டும் மறுபடி வரவேயில்லை. நோட்டில் அவளுக்கும் "இல்லை" என்றுதான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் கிணற்றில் குதிக்கப் போனவள். "மாத்திரையை நிறுத்தியிருந்தா அவ்வளவுதான்டி" என்று சரோஜா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கடைக்கு மேலே வீடு. வழிகாட்ட எழுந்த கணவரிடம், "ரெண்டு காபி வாங்கிண்டு வாங்கோ, மெதுவா வரலாம்" என்றாள்.

அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சரோஜா தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் தப்பாக் கேட்டுட்டேன்மா. இப்போ கேக்கறேன், சொல்லு."

"அரிப்பு உசுரு போவுதும்மா. மாத்திரையாலதான்னு நெனச்சு நிறுத்திட்டேன். இதப் போய் யாருகிட்டச் சொல்ல? செத்துரலாம்னு இருக்கு."

பரிசோதித்ததில் பூஞ்சை இருந்தது, சர்க்கரையும் இருந்தது. இரண்டுக்கும் மருந்து கொடுத்து, மாத்திரையையும் தொடர வைத்தாள் சரோஜா. அந்தப் பெண் பிழைத்தாள்.

சர்க்கரை இருந்தாலே பூஞ்சை வரும்; வேறு பலருக்கும் அது இருந்ததால், மாத்திரைதான் காரணமா என்று கடைசிவரை தெரியவில்லை. சரோஜா ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை. முதல் மாதப் பக்கங்களைக் குறுக்கே அடித்தாள். "இந்த 'இல்லை'யெல்லாம் அவா சொன்னதில்லைடி, நான் சொல்ல வெச்சது" என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மறுபடி போய்க் கேட்கும் அந்தக் குணம்தான். நேற்று அவள் வீட்டுக்குப் போய், "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன். "நான் நன்னாத்தான் இருக்கேன், அத்தை" என்றாள் மகள். அறை நிறையச் சொந்தக்காரர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். என் மடியில் விழுந்து கதறிவிட்டாள்.